டீ போடுகிறவர்

வாசகர் வட்டத்தில் ஒரு சட்டம்: புத்தகத்தை முடிக்காதவர்தான் டீ போட வேண்டும். ஏழு மாதமாகத் தையல்காரர்தான் போடுகிறார். நாளெல்லாம் மிஷின் மிதித்தவருக்கு இருபது பக்கம் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடும். இந்த மாதம் எப்படியோ விடாப்பிடியாக முடித்துவிட்டார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“யாரு முடிக்கல?” என்று கேட்டார் தலைவர்.

போன மாதம் கணவரைப் பறிகொடுத்த நர்ஸம்மா, பிரிக்காத புத்தகத்தை மடியில் வைத்தபடி மெல்லக் கையைத் தூக்கப் போனார்.

“வேற யாரு, நான்தான்,” என்று தையல்காரர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

பால் பொங்கும் நேரத்தில் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது: “கடைசிவரைக்கும் அண்ணன்காரன் திரும்பி வரவே இல்லையே.”

அவருக்குப் பொறுக்கவில்லை. “வந்துட்டான்யா. கடைசிப் பக்கத்துல அவன் செருப்பு வாசல்ல கிடந்துச்சே, ஒழுங்காப் படிக்கிறதில்லையா?”

கூடத்தில் எல்லாத் தலைகளும் அடுப்படிப் பக்கம் திரும்பின. நர்ஸம்மா அடுப்படிக்குள் வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“நீங்க போய்ப் பேசுங்கண்ணே. சர்க்கரை டப்பாவை மட்டும் காட்டிட்டுப் போங்க.”