வாடாமல்லி ஜெர்சிக்கு ஒரு காலி ஹேங்கர்

போன ஜனவரியின் நீண்ட வார இறுதியில் டெக்சாஸ் போய்வந்தோம். காரணம் ஒரு சட்டை. பிரபுவின் சட்டை. பிரபு என் கணவன், கோபிசெட்டிபாளையத்துக்காரன். அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தை டெக்சாஸின் ஹார்லன் ஸ்பிரிங்ஸ் என்ற சிறிய ஊரில், பல்கலைக்கழக விடுதியில் கழித்தவன். அந்த ஊருக்கு ஒரு தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி உண்டு. பெயர் ஆர்மடில்லோஸ். முதுகில் ஓடு போர்த்திக்கொண்டு சாலையோரம் ஓடும் அந்த விலங்குதான் சின்னம்.

அணி தொடங்கியதிலிருந்து அணிந்த சீருடைகள் எல்லாவற்றையும் அரங்கிலேயே வரிசையாக மாட்டிவைக்கப் போவதாக அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. மொத்தம் ஏழு வடிவமைப்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு: வெள்ளை ஒன்று, நிறம் ஒன்று. பதினான்கில் பதின்மூன்று கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஐந்தாவது வடிவமைப்பின் நிற ஜெர்சி. வாடாமல்லி நிறம். ஆட்டத்தில் வீரர் அணிந்ததாக இருக்க வேண்டும், கடையில் விற்ற நகல் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். கலிபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டு அலமாரியில் அது இருந்தது.

சனிக்கிழமை காலை 7.10க்கு ஓக்லாண்டிலிருந்து டாலஸுக்கு விமானம். அந்த நேரத்துக்கு ரயில் ஒத்துவராது. விமான நிலையம் வரை வாடகைக் கார் 38 டாலர். விமானச் சீட்டு ஒருவருக்கு, போகவர, 189. பிரபு அந்த ஜெர்சியை அணிந்தே கிளம்பினான்.

"பிளேன்லயும் இதையே போட்டுட்டு வரணுமா?"

"பெட்டில போட்டு, பெட்டி தொலஞ்சு போச்சுன்னா? நீ போய் வாங்கிட்டு வருவியா கண்ணு?"

பாதுகாப்புச் சோதனையில் இருந்தவர் அவனை இரண்டு முறை பார்த்தார். நிறத்துக்காகத்தான் இருக்கும். கைகள் முழுக்க ஆர்மடில்லோ ஓட்டின் வளையங்கள், சாம்பல் நிறத்தில். நெஞ்சில் சுருண்டு உருண்டையாகிக் கிடக்கும் விலங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் பலாக்கொட்டை.

டாலஸில் இறங்கும்போது அங்கே மணி 12.30. கார் எடுத்தோம், நாளுக்கு 54 டாலர். ஹார்லன் ஸ்பிரிங்ஸ் 118 மைல். சாலை நேர்கோடு. இருபுறமும் காய்ந்த புல், எண்ணெய்க் கிணற்றுத் தலைகள், வானம். கலிபோர்னியாவில் வானத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு மலை முட்டுக்கொடுக்கும். இங்கே ஒன்றும் இல்லை. சற்றுப் பயமாக இருந்தது.

பிரபுவின் கவலை எனக்குத் தெரியும். ஆட்டத்தில் அணிந்த ஜெர்சிக்கு அத்தாட்சி அதன் அழுக்கு. பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர்த் தட்டு பட்ட கருங்கோடுகள், சுற்றுச்சுவரில் உரசிய தழும்பு, கழுத்துப்பட்டையில் பழுப்பாகக் காய்ந்த ரத்தம். இவன் அதை வாங்கியபோது எல்லாம் இருந்தன. ஆட்டப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும் அரங்க வாசலில் மேசை போட்டு, முப்பது டாலருக்குக் கொடுத்தார்களாம். அந்த நிறத்தை ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. பதினேழாம் எண், கோவாச் என்ற வீரர். அந்த ஒரு வருடம் மட்டும் ஆடிவிட்டுப் போனவர்.

இரண்டு வருடம் முன்பு என் மாமியார் ஆறு மாதம் எங்களுடன் இருக்க வந்தார். வந்த இரண்டாம் வாரம் அலமாரியைத் திறந்திருக்கிறார். நாங்கள் அலுவலகத்திலிருந்து வரும்போது ஜெர்சி பால்கனியில் காய்ந்துகொண்டிருந்தது. ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, நீலம்கூட விட்டிருந்தார்.

"யாரையோ அடிச்சுப்போட்டு ஓடியாந்தவன் சட்டையாட்டம் இருந்துச்சு கண்ணு. ரத்தம் வேற. அதப் போயி நல்ல துணியோட வெச்சிருக்கறயே" என்றார் அத்தை, பெருமையாக.

பிரபு சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பால்கனிக்குப் போய் சட்டையின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது அவனுக்கு வெறும் சட்டை இல்லை என்று அன்று விளங்கியது எனக்கு.

பாதி வழியில் பெட்ரோல் போட நின்றோம். கல்லாவில் இருந்த தொப்பிக்காரர் பிரபுவைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். மனிதன் செய்ததிலேயே அசிங்கமான ஜெர்சி இது என்றார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களிடமும் ஒன்று இருந்ததாம். எங்கே என்று பிரபு அவசரமாகக் கேட்டான். எங்கள் நாய் அதில்தான் தூங்கும், நாயை அதில் சுற்றித்தான் புதைத்தோம் என்று அந்த அம்மா சொன்னார். இரண்டு காப்பிக்கு அவர் பணம் வாங்கவில்லை.

"பாத்தியா, நாய்கூட மதிச்சிருக்கு" என்றான் பிரபு, காரில் ஏறியதும். அந்தப் பயணத்தில் அவன் சொன்ன முதல் நகைச்சுவை.

அரங்கை அடைந்தபோது மணி மூன்றரை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய தகரக் கொட்டகை. கண்காட்சி ஆட்ட நாட்களில் மட்டும், பதினொன்று முதல் ஐந்து வரை. கட்டணம் எட்டு டாலர். உள்ளே, இருக்கைகளுக்கு அடியில் வளைந்து போகும் நடைபாதை. பனித்தளத்தை உறையவைக்கும் இயந்திரத்தின் ரீங்காரம் காலில் ஏறுகிறது.

பிறகு அவை. கண்ணாடிப் பெட்டி இல்லை. உயரத்தில் ஒரு குழாய், அதிலிருந்து ஹேங்கர்கள். ஜெர்சிகள் காற்றில் தொங்கின. இயந்திரக் காற்று வரும்போதெல்லாம் கைகள் மட்டும் லேசாக அசைந்தன.

நான் ஹாக்கி ரசிகை இல்லை. எனக்கு நிறங்களின் பெயர் தெரிவதெல்லாம் புடவைக்கடை வழியாக. முதல் ஜெர்சி அரக்கு. கனத்த பின்னல் துணி. சின்னம் இல்லை, அது வரைந்து முடிவதற்குள் பருவம் தொடங்கிவிட்டதால் ஊர்ப் பெயரை மட்டும் சரிவாகத் தைத்திருந்தார்கள். முழங்கையில் தையல் மேல் தையல். இரண்டாவது சந்தனம், விலங்கு முதன்முறையாக, நான்கு காலில், கூச்சத்துடன். மூன்றாவது மயில்கழுத்து. நான்காவது கறுப்பு. அந்தக் காலத்தில் எல்லா அணிகளும் கறுப்புக்கு மாறினவாம், பயமுறுத்துவதற்காக. விலங்குக்குப் பல் முளைத்திருந்தது.

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தடை இல்லை. போனால்தான் தெரிகிறது. முதுகில் பெயர்ப்பட்டையைச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள், இப்போதுள்ள பட்டைக்குப் பொருந்தாத நீளத்தில். முன்பு வேறொரு பெயர் அங்கே இருந்திருக்கிறது. அதற்கு முன்பு இன்னொன்று. சிறிய அணி, புதிதாகத் தைக்கக் காசில்லை. எண் அப்படியே இருக்கும், ஆள் போவான், பெயரைப் பிரித்து அடுத்த பெயரைத் தைப்பார்கள். ஒரு சட்டைக்குள் மூன்று மனிதர்கள். கோல்காவலரின் ஜெர்சி கூடாரம் மாதிரி அகலம், உள்ளே அத்தனை கவசம் போக வேண்டும். ஒவ்வொன்றின் உட்புறமும் முதுகுக்குக் கீழே ஒரு தடித்த பட்டி. அதைக் காற்சட்டையோடு பிணைத்துக்கொள்வார்கள், சண்டையில் எதிராளி சட்டையை இழுத்துத் தலையை மூடிவிடாதபடி. சண்டை வரும் என்று தெரிந்தே தைத்த சட்டை. மயில்கழுத்து ஜெர்சியின் தோளில் நாணய அளவு ஒட்டு, ஒரு சக்கரப் படம். அணிப் பேருந்தின் ஓட்டுநர் இறந்த வருடமாம்.

இவற்றின் முன் குரல் தானாகத் தணிகிறது. ஏன் என்று கேட்டுக்கொண்டேன். துணிதான். உள்ளே யாரும் இல்லை. ஆனால் தோள்களின் உருவம் போகவில்லை.

ஐந்தாவது இடம். வெள்ளை ஜெர்சி, வாடாமல்லிக் கரையோடு. பக்கத்தில் ஒரு வெறும் ஹேங்கர்.

பிரபு அதன் அருகில் போய் நின்றான்.

கண்காட்சியை நடத்துபவர் டெனிஸ். அறுபதை ஒட்டிய பெண்மணி, ஊர் நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், முதல் பருவத்திலிருந்து ரசிகர். பிரபு ஏற்கெனவே மின்னஞ்சலில் எல்லாம் எழுதியிருந்தான், துவைத்ததைத் தவிர. இப்போது அதையும் சொன்னான். அம்மா, பிரஷ், நீலம். டெனிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைச் சுற்றிவந்தார். அணிந்திருப்பவனைச் சோதிப்பது சங்கடமாக இருந்திருக்கும், அவனைக் கையைத் தூக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். தையற்கடையில் அளவு கொடுக்கும் பையன் போல அவன் கீழ்ப்படிந்தான்.

கறை ஒன்றும் இல்லை என்றார். நகல்களிலும் சிலர் பட்டி வைத்துத் தைத்துக்கொள்வார்கள், அதனால் பட்டியும் போதாது என்றார். பிரபுவின் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கோவாச், பதினேழு. இதற்காகத்தான் ஆயிரத்து ஐந்நூறு மைல் வந்தோமா என்று நினைத்தேன். நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டேன்.

டெனிஸ் மேசையிலிருந்து ஒரு புகைப்படக் கட்டைக் கொண்டுவந்தார். அந்தப் பருவத்தின் ஆட்டப் படங்கள். கோவாச் இருந்த படங்கள் நாலே நாலு. அவர் அதிகம் ஆடவிடப்பட்டவர் இல்லை போலும். மூன்றாவது படத்தில் கோவாச் மட்டையை நீட்டியபடி விழுந்துகொண்டிருக்கிறார். இடது மணிக்கட்டில், வாடாமல்லித் துணியில், வெள்ளை நூலால் கோணல்மாணலாக ஒரு தையல். அவசரத்தில் நிறம் பார்க்காமல் போட்டது.

டெனிஸ் பிரபுவின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். அங்கே அது இருந்தது. அதே வளைவு, அதே கடைசி முடிச்சு. அத்தையின் பிரஷ் அதைத் தொடவில்லை. சொல்லப்போனால், அழுக்கு போனதால் நன்றாகவே தெரிந்தது.

இந்தச் சட்டை தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்றார் டெனிஸ், உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். பிரபு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. இந்த வார இறுதிக்கு மாட்டிவைத்து, ஞாயிறு மாலை எடுத்துப்போகலாம் என்றுதான் பிரபு நினைத்திருந்தான். டெனிஸ் மெதுவாக விளக்கினார். இது நிரந்தரக் கண்காட்சி. இரவல் பொருளுக்குக் காப்பீடு எடுக்க வசதி இல்லை, அதனால் இரவல் வாங்குவதில்லை. கொடுத்தால் கொடுத்ததுதான். வேண்டாமென்றால் தப்பே இல்லை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னார். யோசியுங்கள் என்று விலகிப் போனார்.

நடைபாதையில் நாங்கள் இருவர். ஏதோ ஒரு குடும்பம் எங்களைக் கடந்து போனது.

"நீ சொல்லு" என்றான்.

"என் சட்டை இல்லையே பிரபு."

"இதப் போட்டுட்டுதான் உன்னை முதல்ல பாக்க வந்தேன்."

"தெரியும். பயந்துட்டேன்."

அவன் வரிசையை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தான். அரக்கிலிருந்து இப்போதைய கடல்நீலம் வரை. திரும்பி வந்தான். ஐந்தாவது இடத்தில் மீண்டும் நின்றான்.

"இந்தச் சட்டையோட வருஷந்தான் நான் இங்க வந்தேன். ஃப்ரிட்ஜு ட்ரேல தவிர எங்கயும் ஐஸ் பாத்ததில்ல. ஒருத்தன் டிக்கெட் மிச்சம் இருக்குன்னு கூட்டியாந்தான். அந்தக் கோவாச்சும் ஊருக்குப் புதுசு, என்னை மாதிரியே விழுந்துட்டே இருந்தான்." வெறும் ஹேங்கரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "எல்லா வருஷமும் மாட்டியிருக்கு, இது மட்டும் இல்லீன்னா, அந்த வருஷம் நடக்கவே இல்லீங்கற மாதிரி இருக்குது கண்ணு" என்றான்.

தலைவழியாகக் கழற்றினான். கழுத்து கொஞ்சம் சிக்கியது, நான் பிடித்து இழுத்தேன். டெனிஸை அவன் கூப்பிடவில்லை. தானே ஹேங்கரில் மாட்டி, தோள்களைச் சரிசெய்து, இடது மணிக்கட்டு வெளியே தெரியும்படி திருப்பிவிட்டான். உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்திருக்கும். இயந்திரக் காற்று வந்தது. மற்றவற்றோடு அதன் கைகளும் அசைந்தன.

இந்த இடத்தில் எனக்கு ஏற்பட்டதை எழுதிப் பார்த்து, அழித்துவிட்டேன். பெரிய கோயில்களில், பெரிய மலைகளின் முன் அந்த உணர்வு எனக்கு வந்ததில்லை. தகரக் கொட்டகையில், பதினான்கு சட்டைகளின் முன் வந்தது. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: டாலஸில் இறங்கி கார் எடுப்பதே வழி, பேருந்து இல்லை. கண்காட்சிக்கு ஒரு மணி நேரம் போதும் என்பார்கள், இரண்டு வையுங்கள். ஜெர்சிகளின் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், முதுகில்தான் எல்லாம் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு அரங்கில் கிடைப்பது உருளை வறுவலும் சீஸ் ஊற்றிய சோளச் சிப்ஸும் மட்டுமே. ஊரில் ஒரு மெக்சிகோ உணவகம் உண்டு, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுதி அறை 92 டாலர், சுத்தம். அன்று மாலை ஆட்டம் இருந்தால் கட்டாயம் பாருங்கள். 7.05க்குத் தொடங்கும், பின்வரிசைச் சீட்டு 18 டாலர்.

பனித்தளத்தை ஒட்டி உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரமும் குளிர் எலும்பில் ஏறும். வெளியே டெக்சாஸ் வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம், தடிமனாக ஏதாவது கொண்டுபோங்கள். பிரபு அந்த ஜெர்சியைத் தவிரத் தடிமனாக எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை. அன்று மாலை அரைக்கை பனியனில், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். என் சால்வையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தான்.