கதவைச் சாத்திய உண்ணாமுலையம்மன்

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த மறுநாளே என் மாமியார் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். தன் தம்பி மகளை என் புருஷனுக்கு இரண்டாந்தாரமாகக் கேட்பதற்கு! எனக்கு அப்போது பிள்ளை பெற்ற உடம்புவலிகூட ஆறவில்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரர் அண்ணாமலையார் கோவிலில் சாமி தூக்குகிறவர். பட்டை பட்டையாக விபூதி, பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். ஆனால் அம்மன் சந்நிதிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். "எனக்கு அப்பன் ஒருத்தர் போதும்" என்பார். இந்தக் கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, "அம்மா பேச்ச எப்படித் தட்டுறது?" என்றார். பெரிய பக்தர்!

பச்சைக் குழந்தையோடு உண்ணாமுலையம்மன் சந்நிதிக்குப் போனேன். அழவில்லை, சண்டைதான் போட்டேன். "உனக்கு உடம்புல பாதி குடுத்தாரு. கார்த்திகை தீபத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே உடம்பா வந்து ஒரு நிமிஷம் ஆடிக் காட்டிட்டு உள்ள போயிட்டா ஆச்சா? மீதி வருஷமெல்லாம் எங்களுக்கு யாரு? வழி காட்டு. இல்லன்னா இனிமே உன் வாசல மிதிக்க மாட்டேன்." பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்ததும் தட்டு மாற்றுவது என்று பேசி முடித்து மாமியார் மறுபடியும் தம்பி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாட்டுப் பொங்கலன்று திருவூடல். சாமியை மட்டும் கும்பிட்டு அம்மனை ஒதுக்கினாரே பிருங்கி முனிவர், அவருக்கு அருள்செய்ய சாமி கிளம்புகிறார் என்று அம்மனுக்குக் கோபம். தெருவில் இரண்டு பேருக்கும் சண்டை. அம்மன் விடுவிடுவென்று கோவிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே பார்த்ததுதான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி வெளியே நிற்கிறார், அவரைத் தோளில் சுமந்துகொண்டு என் புருஷனும் நிற்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வழி கேட்டேனே, காட்டிவிட்டாள்!

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். அம்மன் திறக்காததால் சாமிக்கு அன்றைக்கு ராத்தங்கல் குமரக்கோவிலில், விடிந்ததும் மலை சுற்றல்; அங்கே சாமியை இறக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார்.

"ஏய், தொற. பசிக்குது."

"அம்மன் தொறந்தாளா?"

"அது சாமி சண்டடீ!"

அதுவரை அவரை நீங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு வாயில் வரவில்லை. "அவரே வெளிய படுக்குறாரு, நீ என்ன அவர விட ஒசத்தியா? போய் அவர் பக்கத்துல படு. காலையில அவரோட மலைய சுத்து. கல்யாணம் வேணான்னா இங்க வா. வேணும்னா அப்படியே பஸ் ஏறிடு!"

"தொறடி, தெருவே பாக்குது, மானம் போவுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"போவட்டும்" என்றேன்.

அவர் போய்விட்டார். அப்புறம்தான் பயம் வந்தது. மூன்று பிள்ளைகளோடு எங்கே போவேன்? "தாயே, பேசிட்டேன். நீதான் பாத்துக்கணும்" என்று கதவிலேயே சாய்ந்து வேண்டினேன். அழுததும் அப்போதுதான்.

மறுநாள் சாமி மலை சுற்றித் திரும்பியதும் அவர் வந்து கதவைத் தட்டினார். "கல்யாணம் வேணாம்" என்றார்.

"தெருவுக்குக் கேக்கணும்."

"வேற கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்! போதுமா?"

திறந்தேன். ஏன் மனசு மாறியது என்று இன்றுவரை சொன்னதில்லை. "தோள்பட்ட வலிக்குது, எண்ணெ காய்ச்சு" என்றார். மாமியார் ஆனிவரைக்கும் தம்பி வீட்டிலேயே இருந்தாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மூன்று பெண்களும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர் அம்மனுக்கும் பூ வாங்குகிறார். என் கோபம் மட்டும் போகவில்லை, அது அவள் தந்தது.

தங்கச்சிகளே, "பொறுமை குடு தாயே" என்று அவளிடம் கேட்காதீர்கள். வேண்டிய மட்டும் பொறுத்தாயிற்று. கோபத்தோடு போய் நில்லுங்கள். உங்களுக்கு நியாயம் இருந்தால் நம்பிச் சண்டை போடுங்கள். அவளும் கோபக்காரிதான், புரிந்துகொள்வாள்.