ஒற்றைக் காற்பட்டிச் சிப்பாய்

அழுத்து இயந்திரத்தின் திருகைத் தளர்த்தி, இரண்டு இரும்புத் தட்டுகளையும் பிரித்து, நடுவில் வெந்து கிடக்கும் ரப்பர் அச்சை வெளியே எடுத்ததும் பத்துமலை சொல்லும் முதல் வார்த்தை, "தெரிமா காசே." அந்த நன்றி இயந்திரத்துக்கு. அச்சு நன்றாக வந்திருக்கிறதா, நாசமாகிவிட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். ஏன் அத்தனை அவசரம் என்று கேட்டால், "பாத்துட்டுச் சொன்னா கூலி கொடுத்த மாதிரி ஆயிரும்லா" என்பார்.

நன்றி சொல்வதில் மனிதருக்குக் கணக்கு வழக்கே கிடையாது. பஸ் நின்றால் ஓட்டுநருக்கு, நிற்காமல் போனால் நடக்க வைத்த சாலைக்கு. ஒருநாள் உருகிய ஈயம் புறங்கையில் தெறித்துக் கொப்புளித்துவிட்டது. ஊதிக்கொண்டே, "கண்ணுல படாமக் கையில பட்டியே, தெரிமா காசே" என்றார். வீட்டில் அவர் மனைவி மங்களம் அக்கா இதையெல்லாம் இருபது வருஷமாகக் கேட்டுச் சலித்தவர். "சோறு போட்டா நன்றி, தண்ணி கொடுத்தா நன்றி. வரும்போது சீனி வாங்கிட்டு வாங்கன்னா மட்டும் மறந்திரும்" என்பது அவருடைய வாக்குமூலம்.

ஈப்போவில் தேய்ந்த டயர்களுக்குப் புதுத் தோல் போட்டுக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் பத்துமலைக்கு வேலை. வயது நாற்பத்து நான்கு. கோப்பேங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால் வாளி தூக்கி வளர்ந்து, பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பட்டறையைச் சாத்தும்போது முதலாளி தவுக்கே சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு டயர் வேகும் அந்த இயந்திரத்தில் பட்டாளம் வேகும்.

பட்டாளம் என்றால் சுண்டுவிரலில் இரண்டு கணு உயரமுள்ள பட்டாளம். பலகையில் மலையும் ஆறும் சாலையும் செய்து வைத்து, அதன்மேல் சின்னஞ்சிறு சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. ஈப்போவில் அதைக் கிழவர்கள்தான் விளையாடுகிறார்கள். அவர்களில் முதல்வர் அருளம்பலம், நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். பேராக் மாநிலத்தின் மேடு பள்ளமெல்லாம் அவருக்கு மனப்பாடம். பலகையை அவரே செய்துகொண்டார். சிப்பாய்களை வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் பனிக்காலத்துக் கோட்டுப் போட்டிருந்தார்கள். தம்முடைய காருக்கு டயர் போட வந்த இடத்தில், பத்துமலை பற்றுவைத்து ஒட்டும் ஈயத்துண்டுகளில் செய்து ஜன்னலோரம் வைத்திருந்த எருமை மாட்டைக் கண்டார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த உறவு. ஐந்து வருஷம் ஆகிறது.

வேலை செய்யும் விதம் இதுதான். பித்தளைக் கம்பியை வளைத்து எலும்பு. அதன்மேல் ஈயத்தைச் சொட்டு வைத்து அரத்தால் ராவினால் சதை. இப்படி ஆறு ஆட்களைச் செய்து, இரண்டு பச்சை ரப்பர்த் தகடுகளுக்கு நடுவே படுக்க வைத்து, ஒட்டாமலிருக்க முகப்பவுடர் தூவி, ஒரு மணி நேரம் இயந்திரத்தில் வேக வைப்பார். ரப்பர் வெந்து இறுகியதும் ஆட்களைப் பெயர்த்தால் ஆறு குழிகள். உலோகம் ஓடுவதற்கான வாய்க்காலை அவர் வெட்டுவது பால்மரம் சீவும் உளியால். செத்துப்போன தாயார் செல்லாயி தோட்டத்தில் வைத்திருந்த உளி அது. மரத்தில் பால் இறங்க எவ்வளவு சரிவு வேண்டுமோ அவ்வளவு சரிவில் வெட்டுவார். வெள்ளீயத்தில் கொஞ்சம் காரீயம் சேர்த்து உருக்கி ஊற்றினால், நூறு எண்ணுவதற்குள் ஆறு சிப்பாய்கள் பிறந்துவிடுவார்கள். பிறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு தெரிமா காசே.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் காணாததைச் செய்யமாட்டார். "பாக்காததச் செஞ்சா கை பொய் பேசும்." ஜப்பான்காரச் சிப்பாயைச் செய்யச் சொன்னபோது, ஆறு வயதில் தோட்டத்துச் சாலையில் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்து, சைக்கிளில் உட்கார்த்திச் செய்துவிட்டார். சைக்கிளின் பின்னால் அகலமான தாங்கி ஒன்றும் வைத்திருந்தார், தோட்டத்தில் ரப்பர்ப் பாலாடை ஏற்றும் தாங்கி. அருளம்பலம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். "சரிதான் காணும். எங்கடை ஆக்களிட்டைப் பறிச்ச சைக்கிள்தானே!"

இந்தக் கண்ணால் கண்ட சாட்சிதான் சென்ற டிசம்பரில் அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஈப்போவுக்குத் தெற்கே கம்பாரில் நடந்த சண்டையை விளையாடுவதென்று கிழவர்கள் தீர்மானித்தார்கள். நாற்பத்தொன்று முடிந்து நாற்பத்திரண்டு பிறந்தபோது, வடக்கேயிருந்து வந்த ஜப்பானியரை இந்தியச் சிப்பாய்களும் வெள்ளைக்காரர்களுமாகச் சேர்ந்து நாலு நாள் மறித்து நின்ற சண்டை. புத்தாண்டு தினத்தன்று காலை ஆட்டம். ஜப்பானியர் பக்கம் ஆடுகிறவர் மேஜர் ஹம்சா, மலாய்க்காரர், ஓய்வு பெற்றவர். தைப்பிங்கிலிருந்து பழைய பட்டாளத்து நண்பர்கள் நான்கு பேரை வேறு அழைத்திருந்தார். உடுப்பு விஷயத்தில் ஹம்சா ஒரு நக்கீரர். தண்ணீர்ப் புட்டி தப்பான இடுப்பில் தொங்கியதற்காக ஒன்பது ஆட்களைத் திருப்பி அனுப்பியவர்.

பத்துமலைக்கு வந்த வேலை எண்பத்து நாலு இந்தியச் சிப்பாய்கள். அருளம்பலம் ஒரு படமும் கொடுத்திருந்தார். ஆனால் படத்தில் சிப்பாய்கள் லாரியில் நிற்கிறார்கள், இடுப்புக்குக் கீழே பலகைதான் தெரிகிறது. மேலே படத்தைப் பார்த்தும் கீழே நினைவைப் பார்த்தும் செய்து, வர்ணமும் பூசி, பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்துவிட்டார். புத்தாண்டுக்குப் பத்து நாள் இருந்தது. அருளம்பலம் வந்து ஒருவனை எடுத்துக் கண்ணாடியைப் பிடித்தார். இன்னொருவனை எடுத்தார். பிறகு டின்னையே வெளிச்சத்துக்கு இழுத்தார்.

"பத்துமலை, இஞ்சை வாரும். இந்த ஆளுக்கு வலக்காலிலை பட்டி சுத்தியிருக்கு. இடக்காலிலை எங்கை?"

கணுக்காலுக்கு மேலே சுற்றும் காக்கித் துணிப்பட்டியைச் சொன்னார். எண்பத்து நாலு பேருக்கும் ஒற்றைக் காலில்தான் இருந்தது.

"அப்படித்தான்யா கட்டுவாங்க."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலேய்யா. நான் பாத்தேன்."

"உலகத்திலை எந்தப் பட்டாளமும் ஒரு காலுக்கு மட்டும் பட்டி கட்டாது காணும். ஹம்சா இதுகளைப் பலகையிலை ஏத்த விடமாட்டார். தைப்பிங் ஆக்கள் வந்து வெறும் மலையைப் பாத்திட்டுப் போகவேண்டியதுதான்."

பத்துமலை அசையவில்லை. கண்ணால் பார்த்தவனிடம் போய்ப் பார்க்காதவன் வாதாடுவதா? ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அருளம்பலத்தை உட்கார வைத்துச் சொன்னார்.

ஜப்பான் விமானம் கோப்பேங் சாலையில் குண்டு போட்ட அன்று தோட்டத்து ஜனங்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடினார்கள். ஓட்டத்தில் ஆறு வயதுப் பத்துமலை தாயின் கையை விட்டுவிட்டார். பிய்ந்து விழுந்த கூரைத் தகரம் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. சாக்கடை ஓரத்தில் விழுந்து கத்திக்கொண்டிருந்தவரைப் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்த பட்டாளத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து தூக்கினார். தாடி, தலைப்பாகை. காலை எதனாலோ இறுக்கிக் கட்டினார். தோளில் போட்டுக்கொண்டு லயத்து வீடுகள் பக்கம் ஓடினார். பத்துமலையின் தலை அவர் முதுகுப்பக்கம் தொங்கியது. போகிற வழியெல்லாம் பார்த்தது அவருடைய இரண்டு கால்களைத்தான். வலக்காலில் பட்டி, இடக்காலில் இல்லை. செல்லாயி கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, புரியாத பாஷையில் என்னவோ சொல்லிவிட்டு, லாரியைப் பிடிக்க ஓடிப்போனார்.

"அதான்யா நான் கிட்டத்துல பாத்த ஒரே சிப்பாய். அவர பாத்துத்தான் செஞ்சேன்."

அருளம்பலம் எழுந்து போனார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துமலையின் வீட்டுக்கே வந்தார். ஹம்சாவின் தகரப்பெட்டியிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய காற்பட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து உருட்டிவிட்டார். நாலு விரல் அகலத்தில் காக்கி, மேசையின் அந்தக் கோடிவரை ஓடியது. முனை முக்கோணமாகக் குறுகி, அதில் ஒரு நாடா தைத்திருந்தது.

பத்துமலை அந்த நாடாவைத் தொட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பு அழுத்தாமல் இருக்க, செல்லாயி அதன் நடுவில் இப்படி ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தார். ஜப்பான் காலத்தில் கட்டத் துணியில்லாமல் சனங்கள் சாக்கு உடுத்தியபோதும் அதை அவர் அவிழ்க்கவில்லை. முனை நாடா கம்பிலிருந்து தொங்கும். விடியற்காலையில் தாயின் பின்னால் காட்டுக்குப் போகும்போது, பிள்ளை பிடித்துக்கொண்டு நடந்தது அந்த நாடாவைத்தான். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று செல்லாயி சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. கடைச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கால்சட்டையை மேலே இழுத்து, முழங்காலுக்குக் கீழே இருந்த நீளத் தழும்பைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷமாகப் பார்க்கிற தழும்புதான்.

"என் கால்ல கட்டினது அவரோட பட்டிதான்யா," என்றார். "எனக்குக் கழட்டிக் கொடுத்திட்டு, ஒத்தக் கால் பட்டியோட சண்டைக்குப் போயிருக்காரு. நான் அதப் பாத்து உடுப்பே அப்படித்தான்னு நெனச்சிட்டேன். பஸ்காரனுக்குச் சொல்றேன், மிஷினுக்குச் சொல்றேன். அவருக்கு ஒரு வார்த்த சொல்லலேயே!"

"ஆறு வயதுப் பிள்ளை என்னெண்டு சொல்லும்?" என்றார் அருளம்பலம். மங்களம் அக்கா இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அந்தக் காப்பிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அவரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவறு தவறுதான். பத்துமலை அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, சனிக்கிழமை மதியத்துக்குக் காத்திராமல் பகல் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்தார். தவுக்கே தலையில் அடித்துக்கொண்டு ஒரு இயந்திரத்தை ஒதுக்கிக் கொடுத்தார். மூல ஆட்கள் ஆறு பேருக்கும் இடக்காலில் மெல்லிய கம்பியைச் சுற்றி, ஈயம் பூசி, ராவி, புது அச்சு வேக வைத்தார். பழைய சிப்பாய்களைக் கரண்டியில் போட்டு உருக்கி, அதே ஈயத்தை மறுபடி ஊற்றினார். எண்பத்து மூன்று பேரை உருக்கினார். தாடி நன்றாக வந்திருந்த ஒருவரை மட்டும் உருக்கவில்லை. புத்தாண்டுக்கு முதல் நாள் எண்பத்து மூன்று பேர் இரண்டு காலிலும் பட்டியோடு, வர்ணம் காய்ந்து தயாராக இருந்தார்கள்.

ஆட்டத்தன்று அருளம்பலம் வீட்டுக் கூடத்தில் ஹம்சா டின்னைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்வையிட்டார். கடைசியாக அந்த ஒற்றைப் பட்டி ஆள் கைக்கு வந்தார். அருளம்பலம் ஹம்சாவின் காதில் இரண்டு நிமிஷம் ஏதோ சொன்னார். ஹம்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கம்பார் மலையடிவாரத்தில், சாலையோரமாக, தம் கையாலேயே அவரை நிறுத்தி வைத்தார்.

பத்துமலை ஆடுவதில்லை. சுவரோரம் நின்று பார்ப்பார். பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் எதிரே நிற்கும் ஆள் விழுந்தான், அவனை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போடவேண்டும் என்பது விதி. காலையெல்லாம் ஆட்கள் டங்கு டங்கென்று டின்னில் விழுந்துகொண்டிருந்தார்கள். தைப்பிங் நண்பர்கள் ஆரவாரம் செய்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு சைக்கிள் பட்டாளம் சாலைக்கு வந்து சேர்ந்தது. சாலையோரத்தில் நின்ற ஒற்றைப் பட்டி ஆளுக்கு எதிராக உருட்டவேண்டிய முறை. ஹம்சா பகடையை எடுத்துக் கைக்குள் குலுக்கினார்.

"துவான், நந்தி டுலு," என்றார் பத்துமலை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, முதன்முறையாகச் சுவரை விட்டுப் பலகைக்கு வந்தார்.

ஹம்சா கையை மூடிக்கொண்டார். பத்துமலை இரண்டு விரலால் அந்தச் சிப்பாயைப் பிடித்து, தூக்கிவிடாமல், சாலைமேலேயே அடியடியாக நடத்திக்கொண்டு போனார். மலையைத் தாண்டி, தெற்கே தாப்பா ஊருக்குப் போகும் வளைவைத் தாண்டி, பலகையின் விளிம்புவரை நடத்தினார். அங்கே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொத்தானைப் போட்டார்.