அம்மாவாசி ஜீப்பும் புது மினி பஸ்சும்

எங்கள் ஊர் கரட்டூத்து. மயிலாடும்பாறையில் இறங்கி, கரட்டுக் குன்றை ஒட்டி உள்ளே போக வேண்டும். பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் திருப்பூரில். மிச்சம் இருக்கிறவர்களை ஏற்றி இறக்கியது இத்தனை காலமும் என் மச்சான் அம்மாவாசியின் ஜீப்தான்.

அம்மாவாசிக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பான். சின்ன வயதில் எல்லையோரக் கூடலூரில் ஜீப் கிளீனராக இருந்து, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி மலை ஏறி இறங்கியவன். கோபம் வந்தால் மலையாளத்தில் வைவான். ஊரில் வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவன் வண்டிதான். என் மகள் உமாதேவி பிறந்ததே அதன் பின்சீட்டில்தான்.

இந்தத் தை மாதம் உமாவுக்குத் தேனியில் பெண் குழந்தை பிறந்தது. என் பேத்தி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறாள், அப்படி ஓர் அழகு! ஊருக்கு அழைத்துவரப் போனால் சம்பந்தியம்மா பிடி கொடுக்கவில்லை.

"பஸ் இல்லாத ஊருக்குப் பச்சப்பிள்ளைய எப்படி அனுப்புறது? ஊசி போடணும்னா அந்த ஓட்டை ஜீப்புலயா வருவீக? பஸ் விடட்டும், அனுப்புறோம்."

அந்தச் சமயம்தான் மினி பஸ் முதலாளி ஜெபராஜ் வந்தார்.

"ஊர்ல ஆளே இல்லேங்கிறாக. திங்கக்கிழம ஒருநாள் விட்டுப் பாப்பேன். கூட்டம் ஏறுனா ஓடும். இல்லேன்னா வேற ரூட்டு."

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். திங்கட்கிழமை ஊரே ரோட்டுக்கு வந்தது. ஆனால் முதலில் வந்தது ஜீப். அம்மாவாசி யாரையும் கூப்பிடவில்லை. வழக்கம்போல நிறுத்தினான், அவ்வளவுதான்.

மூக்கம்மாக் கிழவி ஏறிவிட்டாள். "அவன் நிப்பாட்டுறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்றாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். என் பெண்டாட்டி கருத்தம்மாளும் ஏறினாள்.

"ஏடி, நீயுமா?"

"எம்பிள்ள பெறந்த வண்டிய்யா. நீ பஸ்சுல வா."

"மச்சான், எம்பேத்தி வரணும்டா" என்றேன் அம்மாவாசியிடம். அவன் கியரைப் போட்டான். ஜீப் போய்விட்டது.

பின்னால் வந்த பஸ்சில் நான் ஒருத்தன் மட்டும் ஏறினேன். "ஊரு ஜனமே நீங்கதானா?" என்று ஜெபராஜ் சிரித்தார். என்னால் உட்கார முடியவில்லை, கம்பியைப் பிடித்து நின்றேன்.

வளைவு திரும்பினால் ஜீப் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. அம்மாவாசி எல்லாரையும் இறக்கிக்கொண்டிருந்தான்.

"வண்டி ஓடல. பஸ்சுல ஏறுங்க."

"இஞ்சின் ஓடிக்கிட்டுத்தானப்பா இருக்கு?" என்றாள் மூக்கம்மா.

"அது ஓடல ஆத்தா, இருமுது. எறங்கு!"

பஸ் நிறைந்து, படியிலும் ஆள் தொங்கியது. ஜெபராஜே டிக்கெட் கிழித்தார். மறுநாளிலிருந்து பஸ் தினமும் வந்தது. ஜீப்புக்கு ஆள் குறைந்தது.

வெள்ளிக்கிழமை பேத்தி வருவதாக இருந்தது. அன்று காலையில் அம்மாவாசி படுக்கையைச் சுருட்டி ஜீப்பில் போட்டான்.

"எங்கடா மச்சான்?"

"கூடலூருக்கு. தோட்டத்துக்கு ஆள் ஏத்தப் போறேன். இங்கன யாரை ஏத்துறது?"

"பிள்ளையப் பாத்துட்டுப் போடா."

"நான் நின்னா இந்தச் சனம் மறுபடி என் வண்டில ஏறிரும். பிறகு பஸ்சும் போயிரும், ஒம்பேத்தியும் போயிருவா" என்று கிளம்பிவிட்டான்.

பஸ் நேரம் கடந்தும் வரவில்லை. ரோட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். ஒருவழியாக வந்தது. பேத்தியோடு உமா இறங்கினாள்.

"ஏம்மா இம்புட்டு நேரம்?"

"ஓடைப்பாலத்துல அம்மாவாசி மாமா ஜீப்பக் குறுக்க நிப்பாட்டிப்புட்டாகப்பா. பிள்ள மூஞ்சியக் காட்டுனாத்தான் வழின்னாக. டிரைவர் ஆரன் அடிச்சு இவ முழிச்சு அழுதுட்டா."

"பாத்துட்டு என்ன சொன்னான்?"

"'ஒங்கப்பன் மூக்கு, பாவம்'னாக. பெறகு ரிவர்ஸ் எடுத்து வழி விட்டாக."

கருத்தம்மாள் பேத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பஸ் திரும்பிப் போகிறவரை ஜீப் போன வழியைப் பார்த்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.