'வாடா'வும் 'துலெத்தெ'யும்

நண்பர்களே, என் குறும்புகளில் ஏமாந்த உங்கள் எல்லாருக்கும்தான் இந்தத் தாளை எழுதி ஒட்டுகிறேன்.

எங்கள் மலை ஆஸ்பத்திரியில் பின்லாந்து நர்ஸ் அய்னோ அக்கா இருக்கிறார். ஊர்க்கவுண்டரைக் கண்டால் "வாடா" என்பதுதான் மரியாதை என்று போன மாதம் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அக்காவும் கும்பிட்டு அப்படியே அழைத்தார்.

பிறகு அவர் எனக்குப் பின்னிஷ் வினைச்சொற்கள் சொல்லித்தந்தார். நான் வருகிறேன் 'துலென்', நீ வருகிறாய் 'துலெத்'. சொல்லின் கடைசியில் ஆளுக்கொரு வால். எனக்கு ஏற்கெனவே இருக்கிறது! பெரியவர்களுக்கு 'துலெத்தெ'யாம்.

இன்று ஆலங்காயம் பஸ்ஸில் அக்காவின் அம்மா வந்து இறங்கினார். "தூரத்திலிருந்து வருகிறீர்கள்" என்று அவர் மொழியில் நான்தான் வரவேற்க வேண்டும். அந்த 'துலெத்தெ' என் 'வாடா'வுக்குப் பழிக்குப்பழியாகச் சொல்லித்தந்த கெட்ட வார்த்தையாக இருந்தால்? ஊரே பார்க்கிறது, நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"சொல்லு கண்ணு," என்றார் அக்கா.

"அக்கா, 'வாடா' மரியாதை இல்லக்கா. சும்மா சொன்னேன்," என்று உளறிவிட்டேன்.

"தெரியும். கவுண்டரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்போ எனக்கு இன்னா கத்துக் குடுத்தீங்க?"

"சரியானதுதான்."

சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அக்கா திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். என்னிடம் ஏமாந்த நீங்களும் இப்படித் தெரிந்துகொண்டே சிரிக்கிறீர்களா? தயவுசெய்து திட்டிவிடுங்கள். இந்தத் தாளில் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.