பிரேக்கர் விழுந்தது, ஃபேன் நிற்கவில்லை

புதுப்பட்டினத்துக்கு நான் கடல் பார்க்கப் போகவில்லை. என் தங்கை ஷகிலா அங்கே ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். ஐப்பசி மழையில் ஒருநாள் குடிநீர் மெஷினைத் தொட்ட மூன்று வயதுக் குழந்தையை ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. பிழைத்தது அல்லாஹ்வின் கருணை. மின் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கும்வரை காப்பகத்தைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஐந்து வாரம் அலைந்த பிறகு ஒரு வியாழக்கிழமையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். இதே வேலையாக அலையப்போகிறவர்கள் மேலே படிக்கலாம்.

தாம்பரத்தில் காலை 7.10 ரயில், பத்து ரூபாய் டிக்கெட், 8.05க்குச் செங்கல்பட்டு. மின் ஆய்வாளரின் அலுவலகம் அங்கேதான். அவரை நாமே வண்டி வைத்து அழைத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். எந்த விதியிலும் இப்படி இல்லை. ஆனால் வண்டி இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும். போகவர 2,400 ரூபாய் பேசினேன். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர் 10.40க்கு வந்தார். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழியில் டீ குடித்த பத்து நிமிடம் தவிர அவர் தூங்கிக்கொண்டே வந்தார்.

11.45க்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாலைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் செல்வி, மறைமலைநகர் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவள். பிள்ளையை விட இடமில்லாமல் ஐந்து வாரமாக லீவு. திங்கட்கிழமை வராவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம்.

மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் பிரேக்கர்தான் இந்த ஆய்வில் முக்கியம். வீட்டுக்காரர் அனுப்பிய வயர்மேன் மோகன் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார். ஆய்வாளர் அதன் சோதனைப் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. போனில் படம் பிடித்தார், படிவத்தில் 'ஆம்' என்று தட்டி அனுப்பினார். மொத்தம் நாலு நிமிடம்.

ஷகிலா என் கையை இறுகப் பிடித்தாள். நான் யதேச்சையாக மேலே பார்த்தேன். பிரேக்கர் விழுந்து கிடக்கிறது, ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எனக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் ஃபேன் நிற்க வேண்டும் என்பது கூடவா தெரியாது? கேட்டேன். மோகன் தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் எல்லா வூட்லயும் இப்டித்தான்க்கா கீது. உப்புக் காத்து, ஈர சொவுரு, பிரேக்கர் வுழுந்துகினே இருக்கும். அதான் லைனை டைரக்டா குட்த்துட்டு பிரேக்கரை சும்மா வெச்சிருப்போம். பட்டன் மட்டும் வேலை செய்யும்."

ஆய்வாளருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தப்புதாம்மா. ஆனா படிவத்துல ஃபேன் நிக்குதான்னு கேக்கலியே. அனுப்பிட்டேன், இனிமே திருத்த முடியாது" என்றார். சான்றிதழ் சாயங்காலமே வந்துவிடும் என்றும் சொன்னார். சரி, இப்போதே ஒழுங்காக மாட்டச் சொல்கிறேன் என்றேன். வயரிங்கில் கை வைத்தால் சான்றிதழ் செல்லாது, புதிதாக மனு போட வேண்டும், அடுத்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்.

சான்றிதழ் போனால் போகிறது என்று ஷகிலா மோகனை அப்போதே லைனைப் பிரேக்கர் வழியாக இணைக்கச் சொன்னாள். இணைத்தார். உடனே விழுந்தது. நாலு தடவை தூக்கினார், நாலு தடவையும் விழுந்தது. சுவரை உடைத்துப் புது வயர் இழுத்தால்தான் பிரேக்கர் விழாமல் நிற்குமாம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம். அதான் பாஸ் ஆயிடுச்சே, டைல்ஸில் கை வைக்கக் கூடாது என்று போனை வைத்துவிட்டார். மோகன் பழையபடி டைரக்ட் கொடுத்தார். வாசலில் செல்வி, "பாஸாக்கா?" என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜையும் பார்த்துவிடலாம் என்றார் ஆய்வாளர். பதினைந்து கிலோமீட்டர், வண்டி வாடகை என்னுடையது. நான் காரைவிட்டு இறங்கவே இல்லை. அங்கேயும் நாலு நிமிடத்தில் வந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு: நல்ல வயர்மேனை நீங்களே கூட்டிப் போங்கள். காலை ஆறு மணிக்கே போய்விட்டால் சுவர் ஈரமாக இருக்கும், உண்மை தெரியும். பட்டனை அழுத்தும்போது பட்டனைப் பார்க்காதீர்கள், ஃபேனைப் பாருங்கள். அதன் பிறகு என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஷகிலா காப்பகத்தைத் திறந்தாள். குடிநீர் மெஷினைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. செருப்போடு என்னைக்கூட உள்ளே விடாதவள் அவள். காலையில் அனுப்பியிருந்த படத்தில் பன்னிரண்டு குழந்தைகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் புது ரப்பர் செருப்பு.