கை படாமல் விழுந்த ஜெபசிங்

ஆறு வருஷமாக எனக்கு ஒரு கோபம் உண்டு. சங்கரன்கோவிலில் செல்போன் வைத்திருக்கிற அத்தனை பேர் மேலும் உண்டு, என் மேலும் உண்டு. ஜெபசிங் அன்றைக்கு மேடையில் பதினோரு நிமிடம் மோதினான். ஊர் பார்த்தது பதினெட்டு நொடி. அதை வைத்துத்தான் அவனை எடை போட்டது.

ஜெபசிங் ஜவுளி லாரிக்குப் பேல் பேலாகத் துணிக்கட்டு ஏற்றுகிறவன். இரண்டு பேர் தூக்குகிற பேலை ஒற்றை ஆளாக முதுகில் வாங்குவான். டிவியில் வெளிநாட்டு மல்யுத்தம் பார்த்தே வளர்ந்த கூட்டம் நாங்கள். சென்னையில் ஒரு கம்பெனி அதே மாதிரி மேடை போட்டு, நம்ம பக்கத்து ஆட்களை மோதவிட்டு நெட்டில் ஏற்றியது. இவன் போய்ச் சேர்ந்தான். ‘கரிசல் காளை’ என்று பேர் வைத்தார்கள். தோளில் மண்ணைப் பூசிக்கொண்டு அவன் வந்து நின்றால், செல்போனில் பார்க்கிற எனக்கே நெஞ்சு விம்மும்.

திருவேங்கடம் ரோட்டில் என் பஞ்சர் கடையில் உட்கார்ந்துதான் அவனுக்கு வாட்சப்பில் ரசிகர் குழு ஆரம்பித்தேன். இருநூற்று நாற்பது பேர். கோவில் ஆடித்தவசுத் திருவிழாவுக்கு அவன் படம் போட்டு பிளெக்ஸ் வைத்தோம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் படம் தவசுப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. நம்ம ஊர்க் காளை அல்லவா.

பிறகு அந்த வீடியோ வந்தது. எதிரே நிற்பவன் சேலத்துக்காரப் பையன். தள்ளாடிக்கொண்டு கையைத் தூக்குகிறான். கை மேலே படவே இல்லை. நூற்றுப் பத்துக் கிலோ ஜெபசிங் மல்லாந்து விழுகிறான். பையன் அவன் மேல் சாய்கிறான். நடுவர் மூன்று எண்ணி ஆட்டத்தை முடிக்கிறார். அவ்வளவுதான்.

எவனோ ஒருத்தன் தன் சேனலில் அதைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் போட்டு, பலூனில் காற்று இறங்குகிற சத்தத்தைச் சேர்த்தான். பதினாறு லட்சம் பேர் பார்த்தார்கள். ‘காத்தடிச்சு விழுந்த காளை’ என்று ஒருத்தன் எழுத, அதுவே பேராகிவிட்டது. சேலத்துக்காரனை ‘கண்ணாலேயே சாய்த்தவன்’ என்று தூக்கி வைத்தார்கள்.

எங்கள் குழுவிலிருந்து மூன்றே நாளில் பாதிப்பேர் வெளியேறினார்கள். இவன் ஜெயித்த அன்றைக்குச் சரவெடி கொளுத்திய முத்துமணி, “எனக்கு அப்பவே தெரியும், இவன் டம்மிதாம்லே” என்று எழுதினான். அப்பவே தெரிந்தவன் எதற்கு வெடி போட்டான்? ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சிரிப்பு முகம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். ஜெபசிங்கும் அந்தக் குழுவில்தான் இருந்தான்.

கம்பெனிக்காரர்கள் இனிமேல் கோமாளி வேஷம்தான் என்றார்கள். மாட்டேன் என்று ஊருக்கு வந்துவிட்டான். மறுபடியும் பேல் தூக்கினான். முதுகுவலிக்கு வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கி, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு நாள் திருநெல்வேலிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். ஒரு நாள் அவன் பெண்டாட்டி அபிஷா கூடப் போவாள், ஒரு நாள் நான்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் காலேஜ் பையன்கள் நான்கு பேர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“ஏலே, காத்துக்காளைலா இது! அண்ணாச்சி, ஒரு தடவ விழுந்து காட்டுங்க.”

“டிரைவர் ஒரு பிரேக் போட்டாருன்னா தானா விழுவேன் தம்பி, பாத்துக்கோங்க” என்றான் ஜெபசிங். சிரித்துக்கொண்டே செல்பிக்கும் நின்றான். நான் எழுந்து போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“இருங்க அண்ணாச்சி, சின்னப் பயலுவ” என்று என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

“நீ ஏம்லே அன்னைக்கு விழுந்த? இன்னைக்காவது சொல்லு” என்றேன்.

கையை விடவில்லை. மெதுவாக ஓர் அமுக்கு அமுக்கினான். “திருப்பி அமுக்குங்க” என்றான். அமுக்கினேன்.

“இதான் எங்க ஆட்டம். யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசிருவோம். ஆனா விழுகுறது நெசம், அடியும் நெசம். பிடி போடும்போது கையை அமுக்கிக் கேப்போம். நல்லாருக்கேன்னா அவன் திருப்பி அமுக்கணும். அன்னைக்கு நான் ஜெயிக்கணும். தூக்கிப் போட்டேன், கழுத்து மடங்கி விழுந்தான். கையை அமுக்குதேன், பதில் இல்ல. மறுபடியும் அமுக்குதேன், இல்ல. எந்திச்சி நிக்கான், கண்ணுல ஆளே இல்ல. இன்னொரு தடவ தூக்கிப் போட்டுத்தான் ஜெயிக்கணும்னு பேச்சு. தூக்கினா செத்துருவான். நான் விழுந்தாத்தான ஆட்டம் முடியும்?”

“இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!”

“அவனுக்கு ஏற்கெனவே கழுத்துல அடி. கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவான். சொல்லிராதீங்கண்ணேன்னு என் காலைப் பிடிச்சான். எனக்காவது தூக்கறதுக்குப் பேல் இருக்கு, அவனுக்கு என்ன இருக்கு?”

அந்த ரகசியத்தை நானும் வெளியே விடவில்லை. சேலத்துக்காரன் இப்போது மேடையை விட்டுவிட்டான். எழுதுங்கள் என்று அவனே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் ஜெபசிங்குக்கு நெஞ்சில் நீர் கோர்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். சேலத்துக்காரன் மோதிய ஆட்டம். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தான். கண்ணாலேயே சாய்த்தவன் என்று கொண்டாடிய அதே கைகள் கீழே, ‘மரக்கட்டை’, ‘வீட்டுக்குப் போ’ என்று எழுதியிருந்தன.

“அந்தச் சிரிப்பு முகம்… நானும் போட்டேன்லே” என்றேன். ஆறு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

“பாத்தேன் அண்ணாச்சி” என்றான். மூச்சு வாங்கியது. போனை என் கையில் கொடுத்தான்.

“ஞாயித்துக்கிழம இவனுக்கு இன்னொரு ஆட்டம் இருக்கு. அன்னைக்கும் திட்டத்தான் செய்வானுவ. நீங்க முழுசாப் பாத்துட்டு, கீழ நல்லதா ஒரு வரி எழுதிப் போடுங்க. என் பேரு வேண்டாம். உங்க பேருலயே போடுங்க.”